எதில் நூற்றுக்கு இருபது?

பட்டப் படிப்பை முடித்தபின் எம்.பி.ஏ., எம்.சி.ஏ. முதலிய மேற்படிப்புகளுக்காக நுழைவுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் உள்ளனர். அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வாயினும், இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்வதற்கான கேட் தேர்வாயினும், கணக்குப் பகுதி என்றதும் முகம் வாடுவோரே மிகுதி. (பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான தேர்வையும் தமிழில் ‘கேட்’ என்றே எழுத வேண்டியுள்ளது. நாம் இங்குக் குறிப்பது அதனை அன்று.) அப்பகுதியில் வரும் கணக்குகளுள் பல, பள்ளியிலேயே பயின்ற சதவீதம், விகிதம், சராசரி, காலமும் வேலையும் என்பவையே. அன்று அவற்றைச் செய்து தேறியவர்கள் பட்டம் பெற்றபின் தடுமாறுவது ஏன்? பல்லாண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற பழக்கத்தால் இது குறித்துச் சில சொல்ல விழைகின்றோம்.

குமாரபாளையத்தில் நாம் குடியிருக்கும் தெருவில் விசைத்தறி ஓசை ஓய்வதில்லை. அங்குக் கூலிக்கு நெய்யும் ஒருவரின் மகள் டான்செட் எழுதி, முதல் முறை போதிய மதிப்பெண் பெறாது போனாள். “இன்னும் ஒரே ஒரு வருசம், அப்புறம் வேலைக்குப் போயிற வேணும்” என்று தந்தையார் கூறிவிட்டார். அவர் கூறியதில் குறை காண்பதற்கில்லை. அவளுக்கு அடுத்துப் படிக்கும் தம்பி ஒருவன் இருக்கின்றான். அவள் மாலை வேளைகளில் நம் வீட்டுத் திண்ணைக்கு வந்து கணக்குச் செய்யத் தொடங்கினாள். பயிற்சி வகுப்பு ஒன்றில் கொடுத்த குறுக்குவழிக் கையேட்டை ஓர் எழுத்து விடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். முதல் நாள் நாம் கொடுத்த கணக்கு இது:

ஒரு மீட்டருக்கான நெசவுக் கூலி 20 சதவீதம் குறைக்கப்பட்டது. சில மாதங்களுக்குப் பின் 20 சதவீதம் உயர்த்தப்பட்டது. முதலில் இருந்த கூலிக்கும் இப்போதுள்ள கூலிக்கும் வேறுபாடு என்ன?

“வேறுபாடு இல்லைங்க டீச்சர்” என்று, நாம் வாசித்து முடிக்கும் முன்பே விடை வந்தது. சரியென்றோ தவறென்றோ நாம் கூறவில்லை. “இதை உன் அப்பாவிடம் கேட்டு வா, அம்மணி” என்று அனுப்பினோம். மறுநாள் சற்று நாணத்தோடு வந்தாள். தந்தையார் தறியை நிறுத்தாமலே, “நூத்துக்கு நாலு ரூபாய் போச்சு” என்றாராம். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர்.

குறைத்தபோது நூறில் 20 சதவீதம். ஆகவே கூலி 80. உயர்த்தியபோது எண்பதில் 20 சதவீதம். அது 16 தான். எனவே 96. பழைய கூலிக்கு மீள வேண்டுமாயின் எண்பதுக்கு 20 கூட்ட வேண்டும். அது 25 சதவீதம் ஆகும். கூலி வாங்குபவருக்கு ‘எதில்’ என்பது மறப்பதில்லை. கையேட்டைப் படித்தவருக்கு அதுவே முதலில் மறக்கின்றது. சதவீதம் என்னும் சொல் எங்கு வரினும் அதன்கீழ்க் கோடிட்டு, ‘எதில்?’ என்று ஒரு சொல் எழுதிவிட்டுத்தான் பென்சிலை நகர்த்த வேண்டும் என்று அவளுக்கு விதித்தோம். முதல் வாரம் நேரம் முன்னினும் கூடிற்று. அவள் கலங்கினாள், உண்மையில் நாமும் சற்றே கலங்கினோம். மூன்றாம் வாரம் முதல், அழித்து எழுதுவது குறைந்ததனால் நேரமும் குறைந்தது.

அடுத்தது சராசரி. இங்கிருந்து சேலத்துக்கு ஒருவர் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பினார். சராசரி வேகம் என்ன? ஐம்பது என்னும் விடை கொடுக்கப்பட்ட தெரிவுகளுள் தவறாமல் இருக்கும்; வினா அமைப்பவர் நம் பிள்ளைகளின் மனத்தை நன்கு அறிந்தவர். தூரம் சொல்லப்படவில்லையே என்று திகைக்க வேண்டுவதில்லை. 40க்கும் 60க்கும் பொதுவாக வகுபடும் 120ஐத் தூரமாகக் கொள்க. போக 3 மணி, வர 2 மணி. ஐந்து மணி நேரத்தில் 240 கி.மீ.; சராசரி 48. மெதுவாகச் சென்ற நேரமே மிகுதி. ஆதலால் விடை நாற்பதின் பக்கமே சாயும் என்பதைக் கணக்குச் செய்யாமலே உணரலாம். இவ்வுணர்வு ஒன்றே 50ஐயும் அதற்கு மேற்பட்ட தெரிவுகளையும் தள்ளிவிடும்.

காலமும் வேலையும் பற்றிய கணக்குகளிலும் இதே வழி பயன்படும். ஒரு பாவை நெய்து முடிக்க ஒரு தறிக்கு 12 நாள், மற்றொரு தறிக்கு 18 நாள். அதே அளவு துணியை இரு தறிகளும் பகிர்ந்து நெய்தால் எத்தனை நாள் ஆகும்? பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று எனப் பின்னங்களோடு போராடுவதைக் காட்டிலும், 12, 18 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்காகிய 36ஐ முழு வேலையாகக் கொள்க. முதல் தறி நாளொன்றுக்கு 3 பங்கு, இரண்டாவது 2 பங்கு. ஆக 5 பங்கு. 36ஐ 5ஆல் வகுக்க 7.2 நாள்.

இதனை இன்றைய பயிற்சி வகுப்பினர் கண்டுபிடித்த தந்திரம் என்று அப்பெண் எண்ணியிருந்தாள். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் விதியை ‘நிருத்தம்’ என்னும் பெயரால் 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் நம் மகாவீராச்சாரியார். (இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய பகவான் மகாவீரர் அல்லர், கணித ஆசிரியராகிய ஜைனப் பெரியார்.) இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவர். அவருடைய ‘கணித சார சங்கிரகம்’ என்னும் வடமொழி நூலை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். சென்னை அரசு அச்சகத்தில் 1912இல் அது வெளிவந்தது. கரணானுயோகம் என்ற சொல்லைச் சுவாத்தியாயத்தில் கேட்டதோடு நின்றுவிடும் நம் பிள்ளைகள், அதனோடு உறவுடைய இந்நூலின் பெயரையாவது அறிந்திருத்தல் வேண்டும் என்பது நம் நெடுநாளைய ஆசை.

தேர்வில் பலரையும் அச்சுறுத்தும் சேர்வுக் கணக்கும் அந்நூலில் உண்டு. துவர்ப்பு, கைப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, இனிப்பு என்னும் ஆறு சுவைகளைக் கலந்தால் எத்தனை வகை வரும் என்று அவர் வினவுகின்றார். மூன்று மூன்றாகக் கலப்பின், ஆறிலிருந்து இறங்கி மூன்று எண்களைப் பெருக்குக: 6, 5, 4, பெருக்கம் 120. ஒன்றிலிருந்து ஏறி மூன்று எண்களைப் பெருக்குக: 1, 2, 3, பெருக்கம் 6. வகுக்க வருவது 20. ஒரு சுவை முதல் ஆறு சுவை வரை அனைத்தையும் கூட்டினால் 6, 15, 20, 15, 6, 1, ஆக 63. இனி, ஆறு நிற நூல்களுள் மூன்றைத் தேர்ந்து கட்டம் போட்ட லுங்கி நெய்ய வேண்டும், எத்தனை விதமாக நிறங்களைத் தேரலாம் என்று வினாத்தாளில் கேட்டால், அதுவும் அதே 20தான். நிறங்களின் வரிசையும் கணக்கில் உண்டென்று வினா சொல்லுமாயின் வகுத்தல் வேண்டா, 120 ஆகும். இங்கும் வினாவை நிதானித்துப் படிப்பதிலேதான் மதிப்பெண் இருக்கின்றது.

இனி, விடை தெரியாத வினாவை விட்டுவிடுவதா, ஊகித்துக் குறிப்பதா? இது பெற்றோரும் கேட்கும் கேள்வி. கேட் தேர்வில் நான்கு தெரிவுகளுள் ஒன்றைக் குறிக்கும் வினாவுக்குச் சரியான விடை எனில் 3 மதிப்பெண். தவறெனில் 1 கழியும். கண்ணை மூடிக்கொண்டு 12 வினாக்களுக்குக் குறித்தால் சராசரியாக 3 சரியாகும், 9 தவறாகும். பெறுவது 9, இழப்பது 9. மிச்சம் ஒன்றுமில்லை, நேரம் போனதுதான் கண்டபலன். ஆனால் ஒவ்வொரு வினாவிலும் ஒரு தெரிவை உறுதியாகத் தள்ள முடிந்தால் 4 சரி, 8 தவறு. 12இல் 8 போக 4 மிஞ்சும். இரண்டு தெரிவுகளைத் தள்ள முடிந்தால் 6 சரி, 6 தவறு. 18இல் 6 போக 12 மிஞ்சும். எனவே, தள்ளுவதற்குக் காரணம் இருந்தால் குறிக்கலாம். இல்லையேல் கடந்து செல்லலாம். டான்செட்டிலும் தவறான விடைக்குக் கழிவு உண்டு. அதன் அளவை அவ்வாண்டு அறிவிப்பில் பார்த்து, இதே கணக்கை ஒருமுறை வீட்டிலேயே போட்டுக்கொள்க. இதனைத் தேர்வறையில் உட்கார்ந்து யோசிக்க இயலாது. 2024ஆம் ஆண்டுக் கேட் தேர்வில் கணக்குப் பகுதிக்கு 22 வினா, 40 நிமிடம். வினா ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

அப்பெண்ணுக்குத் தேர்வு நெருங்குகின்றது. கையேடு இப்போது திண்ணைக்கு வருவதில்லை. தவறிய கணக்குகளை மட்டும் எழுதிய நாற்பது பக்க நோட்டு வருகின்றது. சென்ற வாரம் அவளுக்குக் கொடுத்த கணக்கொன்றை நம் வாசகர் இல்லத்துப் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம்.

காவிரியில் நீரோட்டத்தோடு மணிக்கு 12 கி.மீ. வேகத்திலும், எதிர்த்து மணிக்கு 6 கி.மீ. வேகத்திலும் செல்லும் படகு ஒன்று, ஓரிடத்துக்குச் சென்று உடனே திரும்ப மொத்தம் 3 மணி நேரம் எடுத்துக்கொண்டது. அவ்விடம் எவ்வளவு தூரம்?

விடை 12 கி.மீ. பதின்மூன்றரை என்று வந்தவர்கள் மேலே உள்ள சேலம் கணக்கை இன்னொரு முறை படிக்க.