படித்தவருக்கும் கேள்வி வேண்டும்

கேள்வி: தினமும் குமணன்சாவடியிலிருந்து போரூர் வழியாக வேலைக்குப் போய்வருகிறேன். அதே பேருந்து, அதே சாலை, எதிலும் சுவையில்லை. நாலு பேர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் வாழ்க்கை சுவைப்படும் என்கிறார்கள். அடுத்தவர் பேச்சால் என் அனுபவம் எப்படி ஆழமாகும்?
- வாசகர், குமணன்சாவடி

பதில்: நெடுநாள் பழகிய ஒன்றை முழுக்க அறிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சலிப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அதே பொருளோடு வேறு விதமாகப் பழகியவர் பேசும்போதுதான் நாம் காணாமல் விட்டது தெரியவரும். உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கை இதற்குச் சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானவர் அவர். அவ்வூரில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தூண்டினார். நச்சினார்க்கினியர் உரை இருந்தும், சமணக் கருத்துகள் வரும் இடங்கள் ஐயருக்குப் பிடிபடவில்லை. உள்ளூர்ச் சமணர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்கள் கல்லூரிப் பண்டிதர்கள் அல்லர். அந்த நூலைத் தங்கள் சமயச் செல்வமாகப் போற்றிப் படித்துவந்த இல்லறத்தார். படித்தும் புரியாத இடங்கள் அவர்கள் விளக்கத்தில் துலங்கின. 1887இல் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்ததில் அந்தக் கேள்வியறிவுக்குப் பெரும் பங்கு உண்டு.

அது புலமைக்குப் பொருந்தும், பேருந்துப் பயணத்துக்கு என்ன என்று கேட்கலாம். அதே விதிதான். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. நீங்கள் கண்ணால் கடக்கும் சாலையைப் பார்வையற்றவர் ஓசையாலும் காற்றாலும் அறிகிறார். கைத்தடியின் தட்டொலி சுவரோரம் ஒருவிதம், சந்து திறக்கும் இடத்தில் வேறுவிதம். அவர் சொல்லக் கேட்டபின் உங்கள் காதும் அதைத் தேடும். மாங்காடு கோயில் வாசலில் பூக்கட்டுபவரிடம், மார்கழியில் மல்லிகை விலை ஏன் ஏறுகிறது என்று கேளுங்கள். பனியில் அரும்பு குறைவதில் தொடங்கி, சந்தை வரத்துவரை சொல்வார். அடுத்த முறை ஒரு முழம் வாங்கும்போது அந்தப் பருவமும் உழைப்பும் உங்கள் நினைவுக்கு வரும்.

அடுத்தவர் கருத்து சொந்த ரசனையை மூடிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. சொன்னதை அப்படியே ஏற்றால் மூடத்தான் செய்யும். ஐயர் கேட்டதோடு நிற்கவில்லை. பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தே பாடங்களை முடிவுசெய்தார். களைத்து வருபவர் எல்லாருக்கும் காதுகொடுக்க முடியாது என்பதும் உண்மை, கொடுக்கவும் தேவையில்லை. வம்புப் பேச்சை விட்டுவிடுங்கள். ஒருவர் தினமும் செய்யும் வேலையைப் பற்றி, ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்து, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். முடிக்கும்வரை குறுக்கிடாதீர்கள். அவர் சொன்னதை மறுநாள் நீங்களே கவனித்துச் சரிபாருங்கள். அப்படிச் சரிபார்க்கும்போதுதான் அவருடைய அறிவு உங்கள் அனுபவமாகும்.