நான்கு பலகைகளும் ஒரு தபால்காரரும்

“சமூக வலைத்தளத்தை நடத்துவது யார்?” என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். “கம்பெனி சார்” என்று ஒரே குரலில் பதில் வந்தது. உத்தனப்பள்ளிப் பக்கம் அந்தச் சொல்லுக்குக் கனம் அதிகம். காலை ஆறு மணிக்கே கம்பெனி பஸ் வந்து நிற்கும் ஊர் இது. அம்மா பகல் ஷிப்ட், அப்பா இரவு ஷிப்ட் என்றால் வீட்டில் பிள்ளையும் செல்போனும் மட்டும்தான்.

“கம்பெனி மூடிட்டா?” என்று அடுத்துக் கேட்டேன். பதில் இல்லை. என் ஆர்குட் கதையைச் சொன்னேன். பி.எட். முடித்த காலத்து நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த இடம் அது. 2014 செப்டம்பர் 30ஆம் தேதி கூகுள் அதை மூடியது. மாணவர்களுக்கு அது பழங்கதை. பக்கத்திலுள்ள பெங்களூரு நிறுவனமான கூ பற்றிச் சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்தார்கள். 2020இல் தொடங்கி, கன்னடம், தமிழ் என்று நம் மொழிகளில் எழுத இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் மூடப்பட்டது.

ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாத வலைத்தளம் இருக்க முடியுமா? இருக்கிறது. ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ராச்கோ 2016இல் வெளியிட்ட மாஸ்டோடான் அவற்றில் பெயர் பெற்றது. அது ஒரு தளம் அன்று, ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் அதைத் தம் கணினியில் நிறுவி ஒரு வழங்கியைத் தொடங்கலாம். ஒவ்வொரு வழங்கிக்கும் தனி அட்மின், தனி விதிகள். ஆனாலும் ஒரு வழங்கியில் இருப்பவர் இன்னொரு வழங்கியில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். மின்னஞ்சலைப் போலத்தான்: ஜிமெயிலில் இருந்து யாஹூவுக்குக் கடிதம் போகிறதல்லவா? முகவரியும் அப்படியே, பெயர் ஒரு பாதி, வழங்கி மறு பாதி. இந்த வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் பொது நெறிமுறை ஆக்டிவிட்டிபப். அதை 2018 ஜனவரியில் டபிள்யூ3சி அமைப்பு தன் பரிந்துரையாக ஏற்றது.

இந்தியாவில் இந்தப் பெயர் பரவியது 2019 நவம்பரில். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. 1936இல் ஹாம்பர்க் கப்பல் கட்டும் தளத்தில் கூட்டமே நாஜி வணக்கம் செலுத்தும்போது ஒருவர் மட்டும் கையைக் கட்டி நிற்கும் புகழ்பெற்ற படத்தை அவர் வைத்திருந்தார். அதுவே முதல் பிரச்சினை. கோபமடைந்த பலர் மாஸ்டோடானில் கணக்குத் தொடங்கினார்கள். அவர்களில் நிறையப் பேர் பிறகு பழைய இடத்துக்கே திரும்பினார்கள் என்பதையும் மாணவர்களிடம் மறைக்கவில்லை. “ஏன் சார் திரும்புனாங்க?” என்றான் ஒருவன். “உன் பிரண்ட்ஸ் எல்லாம் எங்க இருக்காங்களோ அங்கதானே நீயும் இருப்பே?” என்றேன்.

இதைக் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினால் மறுநாள் மறந்துவிடுவார்கள். செய்து பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். உண்மையான கணக்குத் தொடங்கும் எண்ணம் இல்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. எங்களிடம் இருந்தவை நான்கு பழைய சார்ட் பலகைகளும் குண்டூசியும்தான்.

ஆறு முதல் ஒன்பது வரை வகுப்புக்கு ஒரு பலகை. ஒவ்வொன்றும் ஒரு வழங்கி. இடப்பக்கம் ‘நம் வகுப்பு’, வலப்பக்கம் ‘வெளியிலிருந்து’. வகுப்பே கூடி ஒரு அட்மினைத் தேர்ந்தெடுத்து, விதிகளை எழுதி மேலே ஒட்ட வேண்டும். சீட்டில் அன்றாடம் நடந்ததையும் தோன்றியதையும் எழுதலாம். தபால்காரர் இடைவேளையில் சுற்றி வந்து, பிற வகுப்பினர் கேட்டிருந்த சீட்டுகளை நகலெடுத்து அந்தப் பலகைகளில் குத்துவார். வரிசை தேதிப்படி மட்டுமே. எந்தச் சீட்டையும் நான் மேலே தூக்கி வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மாஸ்டோடானிலும் பதிவுகள் வந்த வரிசையில்தான் நிற்கும்.

முதல் வாரம் எனக்கே விருந்தாக இருந்தது. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி விலை விழுந்தது பற்றி ஒரு சீட்டு. சானமாவு காட்டிலிருந்து யானை வந்ததால் பாட்டி ராகிக் காவலுக்குப் போகவில்லை என்று இன்னொன்று. ஏழாம் வகுப்பு ‘தமிழ் மட்டும்’ என்று விதி போட்டது. எட்டாம் வகுப்பில் எந்த மொழியும் சரி. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் “நாங்க எட்டாவது போர்டுக்கு மாறிக்கலாமா சார்?” என்று வந்தார்கள். மாறலாம் என்றேன். மாஸ்டோடானிலும் மாறலாம், பின்தொடர்பவர்கள் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வரா. பழைய சீட்டுகளை விட்டுவிட்டுப் போக ஒரு சிறுமிக்கு மட்டும் மனமில்லை. அவள் ஏழிலேயே இருந்துவிட்டாள்.

இரண்டாம் வாரம் சிப்காட்டுக்கு நிலம் எடுப்பது பற்றி ஒன்பதாம் வகுப்பில் இரண்டு சீட்டுகள். ஒன்று, நிலம் போனால் தாத்தா என்ன செய்வார் என்றது. மற்றொன்று, கம்பெனி வந்ததால்தான் அக்கா படிக்கிறாள் என்றது. இரண்டும் நியாயமானவை. பதில்கள் ஏறி, சாதியைக் குத்தும் ஒரு வரியும் வந்துவிட்டது. ஏழாம் வகுப்பு அட்மின், ஒன்பதாம் வகுப்புச் சீட்டு எதுவும் தன் பலகைக்கு வரக் கூடாது என்று தபால்காரரைத் திருப்பி அனுப்பினான். அதுவும் நிஜத்தில் உண்டு. 2019இல் வெறுப்புப் பேச்சுக்குப் பெயர்போன கேப் தளம் மாஸ்டோடான் மென்பொருளையே எடுத்துக்கொண்டு வந்தது. மென்பொருள் திறந்த மூலம் என்பதால் அதைத் தடுக்க வழியில்லை. பல வழங்கிகள் தத்தம் கதவை மூடிக்கொண்டன.

மூன்றாம் வாரம் நடந்தது என் தவறு. எட்டாம் வகுப்புப் பலகையில் ஒரு மாணவியின் அப்பா குடித்துவிட்டு ரோட்டோரம் விழுந்து கிடந்ததை, நேற்றைய செய்தி போல யாரோ எழுதிவிட்டார்கள். அட்மின் பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டாள். ஆனால் தபால்காரர் அதற்குள் நகலெடுத்துப் போயிருந்தார். ஆறாம் வகுப்பில் சொன்னவுடன் கிழித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு அட்மின் அன்று விடுப்பு. சீட்டு மாலை வரை அங்கேயே இருந்தது. அந்தப் பெண் அதன் முன்னால் நின்றிருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அட்மினுக்கு மாற்று ஆள் வேண்டும் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தினமும் நான்கு பலகைகளையும் நானே ஒருமுறை பார்த்திருக்கவும் வேண்டும். இவர்கள் பிள்ளைகள்.

மறுநாள் அவள் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அம்மா ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“சீட்டைக் கிழிச்சிட்டீங்களா சார்?”

“கிழிச்சிட்டேம்மா.”

“படிச்சவங்க?”

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். மாஸ்டோடானில் ஒரு பதிவை அழித்தால், அதன் நகல் வைத்திருக்கும் வழங்கிகளுக்கும் அழிக்கச் சொல்லித் தகவல் போகும். அவை அழிக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதை நான் பயிற்சிக் குறிப்பில் ஒரு வரியாக எழுதி வைத்திருந்தேன்.

இரண்டு நாள் பலகைகள் காலி. மூன்றாம் நாள் நான்கு அட்மின்களும் உட்கார்ந்து பேசினார்கள். நான் ஓரமாக இருந்தேன். இன்னொருவரைப் பற்றிய சீட்டானால், பின்பக்கம் அவர் கையெழுத்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தபால்காரர் தொடக் கூடாது. இதை நான்கு பலகைகளிலும் ஒட்டினார்கள். எல்லாருக்கும் பொதுவான ஒரே விதி அதுதான். மொழி விதியைத் தளர்த்த ஏழாம் வகுப்பு இன்னும் ஒப்பவில்லை.

செய்து பார்க்க நினைக்கும் ஆசிரியர்களுக்கு: இரண்டு பலகைகளோடு தொடங்குங்கள். கையெழுத்து விதியை முதல் நாளே வையுங்கள். தொடக்கப் பள்ளியில் சீட்டுக்குப் பதில் படம் வரையச் சொல்லலாம்.

அந்த மாணவி அடுத்த திங்கள்கிழமை வந்தாள். இப்போது தபால்காரர் அவள்தான். கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சீட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறாள். அதனால் இடைவேளை போதவில்லை என்று ஐந்து நிமிடம் கூடுதலாகக் கேட்டிருக்கிறாள். தலைமையாசிரியரிடம் பேச வேண்டும்.