வாப்பாவுக்கு 'இஸ்' போடலாமா?

"சார், வாப்பாவுக்கு 'இஸ்' போட்டா மரியாதைக் குறைவு இல்லையா?"

பரங்கிப்பேட்டையில் மாலை டியூஷன் ஆரம்பித்த புதிதில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள். நோட்டில் 'மை ஃபாதர் ஆர் எ டெய்லர்' என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுத்திருந்தேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. 'இருக்கிறார்' என்பதன் கடைசியில் 'ஆர்' ஒலிக்கிறதே, அந்த மரியாதையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள்.

ஆங்கில வினைக்கு அந்த மரியாதை தெரியாது. படர்க்கையில் ஒருமை என்றால் கலெக்டரும் 'இஸ்', கருவாடும் 'இஸ்'. 'யூ' மட்டும் தனிக்கதை. முன்பு ஒருமைக்கு 'தௌ ஆர்ட்' என்று வேறு இருந்தது. பன்மைக்குரிய 'யூ'வை மரியாதைக்காக ஒருவரிடமும் சொல்லிச் சொல்லி, 'நீ' வழக்கொழிந்து 'நீங்க' மட்டும் மிஞ்சிய கதையாகிவிட்டது. அதனால்தான் எதிரே ஒருவரே நின்றாலும் 'யூ ஆர்'. இதைச் சொன்ன பிறகு 'யூ இஸ்' எழுதுவது வெகுவாகக் குறைந்தது.

நான் சறுக்கியது வேறு இடத்தில். சிதம்பரத்தில் முதல் வேலைக்கான நேர்காணலில் "மை ஃபாதர் ஃபிஷர்மேன்" என்றேன். மேஜைக்கு அந்தப் பக்கம் சிரித்தார்கள். 'என் அப்பா மீனவர்' என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நடுவே ஒரு 'இஸ்' இல்லாமல் நிற்காது.

அந்தச் சிரிப்பிலிருந்து நான் வகுத்துக்கொண்டவை மூன்று:

1. தமிழ் வாக்கியம் வினையில்லாமல் முடிகிறதா? 'இது நண்டு', 'நாங்கள் மாணவர்கள்' போன்றவற்றுக்கு 'ஆம்', 'இஸ்', 'ஆர்' மூன்றில் ஒன்று கட்டாயம்.

2. வினையில் முடிந்தால், 'தினமுமா, இப்போதா?' என்று கேளுங்கள். தினமும் கடலுக்குப் போகிறேன் என்றால் 'ஐ கோ'. இந்த நிமிஷம் போய்க்கொண்டிருந்தால் 'ஐ ஆம் கோயிங்'. 'போகிறேன்' என்பதில் உள்ள 'ஏன்' விகுதிக்கு ஈடாக 'ஆம்' ஒட்டுவதால்தான் 'ஐ ஆம் கோ' பிறக்கிறது.

3. எண்ணிவிட்டு எழுதுங்கள். 'ஃபிஷ்' ஒன்றானாலும் கூடை நிறைய இருந்தாலும் பெரும்பாலும் 'ஃபிஷ்'தான். 'த ஃபிஷ் இஸ் ஃப்ரெஷ்' என்றால் ஒன்று, 'த ஃபிஷ் ஆர் ஃப்ரெஷ்' என்றால் பல. எண்ணிக்கையை அங்கே வினைதான் சொல்கிறது.

ஒரே வினைக்கு ஏன் இத்தனை வடிவம் என்று கேட்டால், ஊரைக் காட்டுவேன். பரங்கிப்பேட்டை, போர்ட்டோ நோவோ, மஹ்மூது பந்தர் என்று வேறுவேறு ஆட்கள் வைத்த பெயர்கள், ஊர் ஒன்று. 'ஆம்', 'பீ', 'வாஸ்' என்பவையும் வெவ்வேறு வேர்களிலிருந்து வந்து ஒரே வினையாகக் குடியேறியவை.

அந்தப் பெண் இப்போது 'மை ஃபாதர் இஸ் எ டெய்லர்' என்று சரியாக எழுதுகிறாள். எழுதி முடித்ததும் "வாப்பா டெய்லரா இருக்காங்க" என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறாள்.