லேகாக் அபியைக் காணச் செல்வோருக்கு

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள லேகாக் அபி, 1232இல் சால்ஸ்பரி கோமாட்டி ஈலா அடிக்கல் நாட்டிய கன்னியர் மடமாகும். எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது 1539இல் மூடப்பட்டு, பின்னர் வில்லியம் ஷாரிங்டன் விலைக்கு வாங்கியதால் மாளிகையாயிற்று. அவர் தேவாலயத்தை இடித்தபோதும் முற்றத்தைச் சுற்றியோடும் கல்தாழ்வாரத்தை விட்டுவைத்தமையால், மாடியறைகளுக்கு முன் கீழ்த்தளத்தைப் பார்ப்பதே முறை. கன்னியர் குளிர்காய்ந்த கணப்பறையில் 1500இல் வார்க்கப்பட்ட பெருங்கொப்பரை ஒன்று நிற்கிறது. ‘ஹாரி பாட்டர்’ படப்பிடிப்பு நடந்த இடமென்று தாழ்வாரத்தில் கூட்டம் சேர்வதுண்டு. ஆயினும் நின்று பார்க்கத் தக்கது தெற்குக் கூடத்தில், சுவரைவிட்டு வெளியே துருத்தியிருக்கும் சிறு சாளரமே, ஏனெனில் இம்மாளிகையில் வாழ்ந்த புகைப்பட முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1835இல் எடுத்து, இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்பட நெகட்டிவில், அதாவது ஒளியும் நிழலும் இடம்மாறிப் பதிந்த மூலப்படியில், காணப்படுவது அதுதான். அந்தச் சாளரத்தின் கட்டங்களை வெயில் நேரத்தில் உள்ளிருந்து பார்த்தால் அவர் அதைத் தேர்ந்த காரணம் விளங்கும். கல்தரை மேடுபள்ளமானது என்பதால் தட்டையான காலணியே ஏற்றது. மாளிகையும் தாழ்வாரமும் ஒரே நேரத்தில் திறந்திருக்குமெனக் கொள்ளாமல், அவற்றைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்டின் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு, அருகிலுள்ள சிப்பன்ஹாம் ரயில் நிலையம் வழியாகச் செல்வது நலம்.