டிராம் வண்டி

திருவண்ணாமலைத் திருவிழாவில் பெருந்தேரை நகர்த்த ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிப்பர். அவ்வாறு இழுப்பார் ஒருவருமின்றி, மின்னாற்றலால் தண்டவாளத்தின்மீது ஓடிய டிராம் வண்டியைச் சென்னை மக்கள் 1895-ஆம் ஆண்டில் கண்டு வியந்தனர். கல்கத்தாவில் 1873-இல் டிராமைக் குதிரைகளே இழுத்தன. இந்தியாவில் மின்சார டிராம் முதன்முதல் ஓடிய நகரம் சென்னையே. தொடக்கத்தில் மின்சாரம் நிலத்தடியில் பதித்த கம்பி வழியே வந்தது. மழைநீரால் இடர் நேரவே, பின்னர்க் கம்பிகளை மேலே கட்டினர். ஆயினும் டிராம் தண்டவாளத்தை விட்டு விலக இயலாது. பேருந்தோ எத்தெருவிலும் செல்லும். நட்டம் பெருகியமையால் 1953-இல் டிராம் நின்றது. தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். 2015-இல் மெட்ரோ இரயில் சென்னைக்கு வந்தது. இம்முறை தெருவின் நடுவே அன்று, மேலும் கீழுமாகத் தனக்கெனத் தனிவழி அமைத்துக்கொண்டது.