அடக்கத்துக்கு முன் விசாரணை

ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால் காலந்தாழ்த்தாது அடக்கம் செய்வதே நம் வழக்கம். இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபையும் கற்பிக்கின்றது. ஆனால், வாசகரே, பொலிஸ் காவலில் இருந்தவர் இறந்தாலோ, பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் மாண்டாலோ, அந்த அவசரமே உண்மைக்குப் பகையாகிவிடும். அவ்வேளையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம்.

கொன்றவர் என ஐயுறப்படுபவரே சாவின் காரணத்தைத் தீர்மானிப்பவராகவும் இருத்தல் கூடாது. இதுவே முதற் பாடம். சாதாரணத் திடீர் மரணத்தை மரண விசாரணை அதிகாரி விசாரிப்பார். காவலில் நேரும் மரணம் அப்படியன்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, காவலுக்குப் பொறுப்பான அதிகாரி உடனடியாக நீதவானுக்கு அறிவித்தல் வேண்டும். நீதவான் தாமே சடலத்தைப் பார்வையிட்டு, மரணத்தின் காரணத்தை விசாரித்தல் வேண்டும். பிரேத பரிசோதனைக்குக் கட்டளையிடவும், புதைத்த உடலைத் தோண்டியெடுப்பிக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு.

இப்பாதுகாப்பு நீங்கிய காலமும் நம் நாட்டில் இருந்தது. 1983 ஜூன் 3ஆம் திகதி பிறப்பிக்கப்பட்ட அவசரகால ஒழுங்குவிதி 15அ, மரண விசாரணை இன்றியே சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் வழிவிட்டது. உடலோடு சாட்சியமும் சாம்பலாயிற்று.

பரிசோதனை நடந்தால் என்ன பயன்? 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் மாண்டனர். மோட்டார் சைக்கிள் விபத்து என்றே முதலிற் சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையிலோ ஒருவரது உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருப்பது தெரியவந்தது. பொலிசார் ஐவர் கைதுசெய்யப்பட்டனர்.

ஆகவே மூன்று காரியங்களை மனத்திற் கொள்ளுங்கள்.

1. நீதவான் பார்வையிட்டு, பிரேத பரிசோதனை முடியும்வரை அடக்கத்துக்கு உடன்படாதீர்கள். அதன் பின்னரும் உடலை எரிக்காமல் புதைப்பதே நன்று. புதைத்த உடலை மீண்டும் பரிசோதிக்கலாம். சாம்பல் எதைச் சொல்லும்?

2. கைதுசெய்யப்பட்ட நாள், நேரம், இடம், வந்தவர்கள், அப்போது அவரது உடல்நிலை, பின்னர் உடலிற் கண்ட காயங்கள் ஆகியவற்றை அன்றன்றே எழுதி வையுங்கள். சட்டத்தரணியுடன் சென்று நீதவான்முன் சாட்சியம் அளியுங்கள்.

3. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றில் தாக்கல் செய்தல் வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் இதிற் கணக்கிடப்படாது. துன்புறுத்தலால் இறந்தவரின் மனைவி இத்தகைய மனுவைத் தொடரலாம் என்றும், உயிர்வாழும் உரிமை நம் அரசியலமைப்பில் உள்ளடங்கியுள்ளது என்றும் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

நீதவானின் மரண விசாரணை காரணத்தைக் கண்டறியுமேயன்றி, எவருக்கும் தண்டனை விதிக்காது. அதற்கு வேறு வழக்கு வேண்டும். சித்திரவதை எண்பிக்கப்பட்டால், 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி ஏழு முதல் பத்து ஆண்டுவரை சிறைத்தண்டனை உண்டு. ஆனால் இடையிலே சான்று திரட்டுவோரும் பெரும்பாலும் பொலிசாரே. நம் நடைமுறையின் பெருங்குறை இதுவே. ஐக்கிய நாடுகள் சபை 1991இல் வெளியிட்டு 2016இல் திருத்திய மினசோட்டா நெறிமுறை, விசாரிப்போர் சந்தேகத்துக்குள்ளானோரின் சார்பற்றவராக இருக்க வேண்டும் என்கிறது. பிரேத பரிசோதனையின்போது குடும்பத்தின் பிரதிநிதி ஒருவர் இருக்கும் உரிமையையும் வலியுறுத்துகிறது.

முறையான விசாரணை பொலிசாருக்கு எதிரானதன்று. நேர்மையான அதிகாரியின் மீது விழும் வீண்பழியைத் துடைப்பதும் அதுவே. ஆனால் கண்டவர் வாய்திறவாவிடிற் சட்டமும் ஊமையாகிவிடும். செத்தவீட்டுக்குச் சென்று ஆறுதல் சொல்லும் நாம், அக்குடும்பம் நீதிமன்றப் படியேறும் நாளிலும் உடன் செல்வோமா?