பயிரும் அதன் காப்பும்

திருக்குறளில் உழவு என்னும் அதிகாரத்தைப் பயில்வோர், ஆசிரியர் உழவனுடைய தொழில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தரம் பிரித்துக் காட்டும் இடத்தை மறத்தல் அரிது. உழுதலினும் எருவிடுதல் நன்று என்றும், களை நீக்கியபின் நீர் பாய்ச்சுதலினும் பயிரைக் காத்தல் நன்று என்றும் அவர் கூறுகின்றார். நீரினும் காவலே மேல் என்னும் இம்முடிபு, நீரையே உயிராகக் கருதும் நாட்டினர்க்கு முதலில் வியப்பைத் தருவதாகும். சிறிது ஆராயின் அதன் உண்மை விளங்கும். நீர் குறைந்த வயலில் பாதி விளைவேனும் கிட்டலாம்; காவலற்ற வயலிலோ, விளைந்தது முழுதும் களத்துக்கு வருமுன்னரே அழிந்துபோகலாம்.

காப்பு என்னும் சொல்லுக்கு வேலியிடுதல், பரண்மீதிருந்து கிளி கடிதல், மேயவரும் மாடுகளை விலக்குதல் என்று பொருள் கொள்வது வழக்கம். ஆனால் வேலியைக் கண்டு அஞ்சாத பகைவரும் பயிருக்கு உளர். காற்றிலேறி வரும் பூஞ்சணமும், அதனினும் நுண்ணிய பாக்டீரியாவும், அதனினும் நுண்ணிய வைரசும், அரிசி மணியினும் சிறிய பூச்சியும் கவண்கல்லுக்கு அகப்படுவன அல்ல. இவற்றினின்று பயிரைக் காக்கும் காவலன் வரப்பில் நின்று பயனில்லை. பயிரின் உள்ளேயே அவன் நிற்றல் வேண்டும். அங்ஙனம் உள்ளே காவலை அமைக்கும் கலையையும், அக்காவலின் வலிமையையும் வரம்பையும், நெல்லையே சிறப்பாக எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நெல்லின் பழம்பகைகளுள் ஒன்று குலைநோய். நம் நாட்டில் இந்நோய் 1918-ஆம் ஆண்டில் தஞ்சை வடிநிலத்தில் கண்டு குறிக்கப்பெற்றது. இலைகளில் கண் வடிவான புள்ளிகளாகத் தோன்றும் இப்பூஞ்சணம், பின்னர்க் கதிரின் கழுத்தைப் பற்றுமாயின் கழுத்து அழுகி ஒடியும். மணிகள் பால் பிடியாமல் பதராகும். கோயமுத்தூரில் 1912-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்தார், கோ. 4 என்னும் வகை இந்நோய்க்கு எளிதில் ஆட்படாமையைக் கண்டனர். அவ்வகை பிறநாட்டினின்று வந்த புதுமை அன்று. ஆனைக்கொம்பன் என்று நம் உழவர் வழங்கிவந்த பழைய நெல்லினின்று பொறுக்கியெடுக்கப்பெற்றதே. ஆடுதுறை 10 என்னும் வகையோ குலைநோய்க்கு விரைவில் இரையாவது. இவ்விரண்டையும் மணம்புரிவித்துப் பெற்ற வழித்தோன்றலே கோ. 25 என்னும் நெல்.

இம்மணம் நிகழும் முறை எளியதாயினும் பொறுமை மிக வேண்டுவது. நெற்பூ ஒன்றனுள் மகரந்தம் தாங்கிய கேசரங்கள் ஆறும், சூலகம் ஒன்றும் உள. அப்பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்ளும் இயல்பினது. ஆதலின், தாயாகக் கொள்ளும் பூவின் கேசரங்கள் ஆறனையும் அவை வெடிக்குமுன்னரே இடுக்கியால் களைந்துவிட்டு, தந்தையாகக் கொள்ளும் செடியின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, வேறு மகரந்தம் படாதவாறு உறையிட்டு மூடுவர். அதனால் உண்டான விதையின் முதல் தலைமுறை ஒருபடித்தாக இருக்கும். இரண்டாம் தலைமுறையிலோ, பாட்டனுடைய குணமும் பாட்டியுடைய குணமும் பலவாறு பிரிந்தும் கூடியும் தோன்றும். அப்பயிர்களின்மீது நோயை வேண்டுமென்றே பரப்பி, வாடுவனவற்றைக் கழித்து, தாங்கி நிற்பனவற்றின் விதையை மட்டும் எடுத்து மறுபடியும் விதைப்பர். இவ்வாறு பல தலைமுறை கடந்த பின்னரே உழவன் கையில் கொடுக்கத்தக்க நிலையான விதை கிடைக்கும்.

இங்ஙனம் ஒரு முறை காவலை அமைத்துவிட்டால் அஃது என்றும் நிலைக்குமா? இவ்வினாவுக்கு விடை 1970-ஆம் ஆண்டுகளில் தென்கிழக்காசிய வயல்களில் கிடைத்தது. பிலிப்பைன்ஸ் நாட்டில் லாஸ் பான்யோஸ் என்னுமிடத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம், 1966-ஆம் ஆண்டில் ஐ.ஆர். 8 என்னும் குட்டை நெல்லை வெளியிட்டது. அதன் விளைச்சல் கண்டு உலகம் வியந்தது. ஆனால் பூச்சிகளையும் நோய்களையும் எதிர்க்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆண்டு முழுவதும் நெருங்கி வளர்ந்த பயிர், பூச்சிகட்கு இடையறாத விருந்தாயிற்று. அவற்றுள் கொடியது நம் உழவர் புகையான் என்னும் பூச்சி. அது பயிரின் அடித்தண்டில் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். நேற்றுப் பசுமையாயிருந்த வயலில் இன்று வட்டவட்டமாகத் தீப்பட்டாற்போலக் காய்ந்த திட்டுகள் தோன்றும்.

முத்கோ என்னும் இந்திய நெல்லில் புகையானை எதிர்க்கும் குணம் இருத்தல் கண்டு, அக்குணத்தை ஏற்றி 1973-ஆம் ஆண்டில் ஐ.ஆர். 26 என்னும் வகையை வெளியிட்டனர். உழவர் மகிழ்ந்தனர். ஆயினும் மூன்று ஆண்டுகள் செல்லுமுன்னரே பல இடங்களில் புகையான் அந்நெல்லையும் உண்ணத் தலைப்பட்டது. இதன் காரணம் யாது? கோடிக்கணக்கான பூச்சிகளுள் அக்காவலை மீறவல்லன சில எப்பொழுதும் இருக்கும். மற்றவை உணவின்றி மடிய, இச்சிலவே பிழைத்துப் பெருகும். ஒரே நெல்லை நாடெங்கும் விதைக்குந்தோறும் நாமே அவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கின்றோம். பின்னர் 1976-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.ஆர். 36 என்னும் நெல்லில் வேறொரு காவல் அமைக்கப்பெற்றது. அதன் மூலம் மலையாள நாட்டுப் பட்டாம்பி நிலையத்தின் பழைய நெல்வகைகளில் இருந்ததாகும்.

புகையானால் வரும் கேடு சாற்றை உறிஞ்சுவதோடு முடிவதன்று. புற்குட்டை நோய் என்னும் வைரசு நோயையும் அது செடிக்குச் செடி சுமந்து செல்கின்றது. அந்நோய் பற்றிய பயிர் உயரம் குன்றி, அளவிறந்த தூர் விட்டு, புல்லைப்போல் நின்று, கதிர் ஈனாமலே போகும். இதனை எதிர்க்கவல்ல நெல் எங்கேனும் உண்டோ என்று ஆராய்ச்சியாளர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விதைத் தொகுதிகளைச் சோதித்தனர். மாந்தர் உண்ணும் நெல் ஒன்றனிலும் அவ்வாற்றல் காணப்பெறவில்லை. இறுதியில் இந்தியாவில் உத்தரப் பிரதேசத்திலிருந்து திரட்டப்பெற்ற ஒரேயொரு காட்டுநெல் தொகுதியில் அது கிடைத்தது. வடமொழியில் நீவாரம் எனப்படும் காட்டுநெல்லின் பெயரே அவ்வினத்துக்கு அறிவியலாரும் இட்ட பெயர். குளக்கரையிலும் பள்ளங்களிலும் தானே முளைத்துத் தானே உதிர்வது அது. விளைவோ அற்பம்; வயலில் தோன்றினால் களையென்று பிடுங்கி எறியத்தக்கது. அந்தக் களையே வயலைக் காக்க வந்தது.

காட்டுச்செடியின் காவலை மட்டும் கொண்டு, உதிரும் இயல்பையும் மெலிந்த மணியையும் கொள்ளாதிருத்தல் எவ்வாறு? கலப்பில் பிறந்த செடியை நன்னெல்லோடு மீண்டும் மீண்டும் மணம்புரிவித்தலே வழி. ஒவ்வொரு முறையும் காட்டுக்குணம் குறையும். நோய் தாங்குவனவற்றையே தேர்ந்து செல்வதால் காவல் மட்டும் நிலைக்கும். இம்முறையால் 1974-ஆம் ஆண்டு முதல் புற்குட்டை நோயை எதிர்க்கும் நெல்வகைகள் வெளிவந்தன. மேற்கூறிய ஐ.ஆர். 36 என்னும் நெல்லும் அவற்றின் இனத்ததே. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் சிங் குஷ் என்னும் அறிஞர் தலைமையில் உருவான அந்நெல், 1980-ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் ஹெக்டேரில் பயிராயிற்று.

பூச்சிமருந்து இருக்க இத்துணைப் பாடு எதற்கு என்று சிலர் வினவலாம். புகையானை உண்டு வாழும் சிலந்திகளும் வண்டுகளும் வயலில் உள. மருந்து முதலில் அவற்றை மாய்க்கும். தண்டின் அடியில் இட்ட புகையான் முட்டைகள் தப்பிப் பொரிக்கும். உண்பார் இன்மையின் முன்னினும் பன்மடங்கு பெருகும். இதனை உணர்ந்த இந்தோனேசிய அரசு 1986-ஆம் ஆண்டில் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்வயலில் தெளித்தலாகாதென விலக்கியது. காவலுள்ள விதையும், அதற்குத் துணையாக வயலில் வாழும் இயற்கைப் பகையும் சேர்ந்தாலன்றிக் காப்பு நிறைவுறாது.

இனி உயிரித் தொழில்நுட்பம் இக்கலைக்குச் செய்த உதவியைக் காண்போம். பெற்றோர் குணத்தைப் பிள்ளைக்குக் கடத்தும் நுண்கூற்றினை மரபணு என்பர். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டுக் காட்டுநெல் ஒன்றில், பாக்டீரியா இலைக்கருகல் நோயை எதிர்க்கும் மரபணு இருந்தது. அதற்கு எக்ஸ்ஏ 21 என்பது பெயர். அதனைத் தனியே பிரித்தறிந்த செய்தியை 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் பமேலா ரொனால்டு குழுவினர் வெளியிட்டனர். அது செடியின் உயிரணுவில் வாயில்காப்போனைப் போல் நின்று, பாக்டீரியாவின் வரவை உணர்ந்து உள்ளே அறிவிக்கும் புரதத்தை உண்டாக்குகின்றது.

மரபணு இருக்குமிடம் தெரிந்தபின் தேர்ந்தெடுத்தல் எளிதாயிற்று. நோயை ஏற்றிப் பல நாள் காத்திராமல், இளநாற்றின் சிறு இலைத்துண்டைச் சோதித்தே எந்த நாற்றில் காவல் உண்டு என்று சொல்லிவிடலாம். இம்முறையால் ஐதராபாத்திலுள்ள அறிஞர்கள், ஆந்திர நாட்டில் பாபட்லாவில் பிறந்த சம்பா மசூரி என்னும் புகழ்பெற்ற நெல்லில் மூன்று மரபணுக்களைச் சேர்த்து, 2008-ஆம் ஆண்டில் மேம்பட்ட சம்பா மசூரியை வெளியிட்டனர். ஒன்று போதாதோ எனின், ஒரு பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்தல் திருடனுக்கு எளிது. ஒரே கதவில் மூன்று பூட்டுகள் இருப்பின் மூன்று சாவியும் ஒருங்கே வாய்த்தல் அரிது. ஐ.ஆர். 26 கற்பித்த பாடம் இங்ஙனம் பயன்பட்டது.

இம்முறையில் நெல்லின் குணமே நெல்லுக்கு வந்தது. இனம் கடந்தும் மரபணுவைக் கொணரலாம். பட்டுப்புழுக்களைக் கொல்லும் பாக்டீரியா ஒன்றை 1901-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் இஷிவாட்டா கண்டறிந்தார். அதன் நஞ்சு சில புழுக்களின் குடலைத் துளைப்பது. அந்நஞ்சுக்குரிய மரபணுவை ஏற்றிய பி.டி. பருத்தியைப் பயிரிட இந்தியாவில் 2002-ஆம் ஆண்டில் இசைவு தரப்பெற்றது. தொடக்கத்தில் காய்ப்புழுவின் கொடுமை தணிந்தது. ஆயினும் 2010-ஆம் ஆண்டளவில் குசராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனைத் தாங்கிப் பிழைக்கலாயிற்று. இரண்டாம் மரபணுவைச் சேர்த்த பருத்தியையும் அப்புழு பின்னர் வென்றது.

இதற்கு ஒரு தடை முன்னரே சொல்லப்பட்டிருந்தது. வயலின் ஓரத்தில் நஞ்சில்லாத சாதாரணப் பருத்தியைச் சில வரிசை விதைத்தல் வேண்டும். அங்கே வளரும் எளிய புழுக்கள் அந்தாகி, நஞ்சை வென்ற அந்துகளோடு கூடும். அவ்வழித் தோன்றும் புழுக்களுள் பெரும்பாலன நஞ்சுக்கு இரையாகும். அதற்கான விதைப்பொட்டலம் தனியே தரப்பெற்றும் பலர் அதனை விதைக்கவில்லை. புழுவுக்கென நிலத்தை விடுவதா என்று எண்ணிய உழவனை மட்டும் பழித்தல் நேரிதன்று. அதன் காரணத்தை அவன் மொழியில் எடுத்துரைத்தாரும் சிலரே. கடன் வாங்கி விதைத்தவன் விளைவை இழந்து நிற்கும்போது, அறிவியலின் வெற்றி அவனுக்கு வெறுஞ்சொல்லாகவே முடியும்.

இவற்றையெல்லாம் நோக்குங்கால் ஓருண்மை தெளிவாகின்றது. விதையினுள் அமைத்த காவல் எதுவும் நிலைபேறுடையதன்று. அதனைக் காலந்தோறும் புதுப்பித்தல் வேண்டும். புதுப்பித்தற்குரிய முதற்பொருள் பழைய நெல்லிலும் காட்டுநெல்லிலும் இருக்கின்றது. ஆராய்ச்சியாளன் கோத்து வைப்பானேயன்றிப் புதிதாய்ப் படைப்பது அரிது. ஆனைக்கொம்பனும் முத்கோவும் நீவாரமும் எவரேனும் காத்து வைத்தமையாலன்றோ வேண்டியபோது உதவின!

தமிழ் பயிலும் நமக்கு இது புதிய செய்தி அன்று. செல்லரித்த ஏடுகளை ஊர்தோறும் தேடித் திரட்டிய டாக்டர் உ. வே. சாமிநாதையரின் உழைப்பால் நாம் இன்று சங்க நூல்களைப் பயில்கின்றோம். விதையும் ஓர் ஏடே. ஏடாவது பரண்மீது சில தலைமுறை கிடக்கும். குதிரில் இட்ட நெல் சில ஆண்டுகளில் முளைக்கும் ஆற்றலை இழக்கும். விதைத்து அறுத்து மீண்டும் விதைப்பதே அதனைப் படியெடுத்தல். லாஸ் பான்யோஸ் நிலையத்தின் குளிர் அறைகளில் 1,30,000-க்கும் மேற்பட்ட நெல் தொகுதிகள் காக்கப்படுகின்றன. நம் நாட்டில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் உழைத்து 2018-ஆம் ஆண்டில் மறைந்த நெல் ஜெயராமன், நூற்றுக்கும் மேற்பட்ட பழைய நெல்வகைகளைத் தேடி உழவர் கையில் மீண்டும் சேர்த்தார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், கருங்குறுவை, பூங்கார் என்னும் பெயர்கள் அகராதியில் மட்டும் எஞ்சுமாயின், சொல் பிழைத்துப் பொருள் இறந்ததாகும்.

விதைநெல்லைக் குற்றி உண்பவனைப் பேதை என்று உலகம் எள்ளும். குளங்களைத் தூர்த்துக் காட்டுநெல்லை ஒழிப்பதும், ஒரே விதையை நாடெங்கும் பரப்பிப் பழையவற்றைக் கைவிடுவதும் அதனினும் பெரிய பேதைமையாம்; அவன் ஓராண்டு விளைவை இழப்பான், நாமோ இனிவரும் தலைமுறைகளின் காவலை இழப்போம். நீரினும் நன்று காப்பு என்று ஆன்றோர் கூறிய பொருளை, வயலுக்கு மட்டுமன்றி விதைக்கும் உரியதாகக் கொள்வோமாக.